கிம்பர்லி செயல்முறை

கிம்பர்லி செயல்முறை என்பது பட்டை தீட்டப்படாத வைரங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கண்காணிப்பதற்காக அரசுகளும் வைரத் தொழில்துறையும் குடிமக்கள் அமைப்புகளும் சேர்ந்து உருவாக்கிய ஒத்துழைப்பு ஏற்பாடு ஆகும். கிளர்ச்சிப் படைகள் வைரங்களை விற்று, அப்பணத்தைக் கொண்டு போர் நடத்துவதைத் தடுப்பதே இதன் நோக்கம். இதன் கீழ் இயங்கும் கிம்பர்லி செயல்முறைச் சான்றிதழ்த் திட்டம் ஜனவரி 1, 2003 அன்று நடைமுறைக்கு வந்தது. திட்டத்தில் சேர்ந்துள்ள நாடுகள் சான்றிதழ் இல்லாத வைரங்களை ஏற்றுமதியோ இறக்குமதியோ செய்வதில்லை. திட்டத்தில் சேராத நாடுகளுடன் இவ்வணிகத்தை மேற்கொள்வதும் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் ஒரே உறுப்பினராகக் கணக்கிடப்படுகிறது. அதன் நாடுகளைத் தனித்தனியே எண்ணினால் 80க்கும் மேற்பட்ட நாடுகள் இத்திட்டத்திற்கு உட்பட்டுள்ளன. உலகில் தோண்டி எடுக்கப்படும் வைரங்களில் 99 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை இந்நாடுகளில் கிடைப்பவை. கிம்பர்லி செயல்முறை ஒரு பன்னாட்டு ஒப்பந்தம் அன்று. உறுப்பு நாடுகள் ஒவ்வொன்றும் தத்தம் உள்நாட்டுச் சட்டத்தின் மூலமாகவே இதை நிறைவேற்றுகின்றன. இதன் வலிமைக்கும் குறைபாடுகளுக்கும் இந்த இயல்பே பெரிதும் காரணமாக உள்ளது.

பெயர்

தென்னாப்பிரிக்காவின் வட கேப் மாகாணத்தில் உள்ள கிம்பர்லி நகரின் பெயரே இதற்கு இடப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நகரில் பெரும் வைரச் சுரங்கங்கள் உருவாயின. 1888இல் டி பியர்ஸ் நிறுவனம் இங்குதான் தோன்றியது. வைரத்தைத் தாங்கி வரும் எரிமலைப் பாறைக்குக் கிம்பர்லைட்டு என்னும் பெயர் வந்ததும் இந்நகரால் ஆகும். மே 2000இல் தென் ஆப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்த வைர உற்பத்தி நாடுகள் இங்குக் கூடி நடத்திய பேச்சுவார்த்தையே இச்செயல்முறையின் தொடக்கம்.

பின்னணி

வைரங்கள் இயற்கையில் இருவகைப் படிவுகளில் கிடைக்கின்றன. ஒன்று, நிலத்தில் ஆழமாக இறங்கும் கிம்பர்லைட்டுப் பாறைக் குழாய்கள். இவற்றைத் தோண்டப் பெரும் முதலீடும் இயந்திரங்களும் தேவை. சுற்றிலும் வேலியிட்டுக் காவல் வைப்பதும் எளிது. மற்றொன்று, ஆறுகள் அடித்து வந்து பரப்பிய மணலிலும் கூழாங்கற்களிலும் கலந்து கிடக்கும் ஆற்றுப் படிவுகள். இவை பல நூறு சதுர கிலோமீட்டர் பரப்பில் சிதறியிருக்கும். மண்வெட்டியும் சல்லடையும் இருந்தால் எவரும் தோண்டலாம். மேற்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் அங்கோலாவின் பல பகுதிகளிலும் இவ்வகைப் படிவுகளே மிகுதி. ஆயுதம் ஏந்திய ஒரு குழு இப்பகுதிகளைக் கைப்பற்றினால், தோண்டுபவர்களை மிரட்டி வைரங்களை எளிதாகப் பறித்துக்கொள்ள முடியும். கையளவு கற்கள் பெரும் விலை பெறும். அவற்றை எல்லை கடத்துவதும் கடினம் அன்று.

கைமாறிய பின்னர் ஒரு வைரக் கல்லைப் பார்த்து மட்டும் அது எந்த நாட்டில் தோண்டப்பட்டது என்று உறுதியாகக் கூற எளிய வழி இல்லை. பல இடத்துக் கற்கள் ஒரே பொதியில் கலக்கப்பட்டுவிட்டால் இது மேலும் கடினமாகிறது. எனவே கல்லைச் சோதிப்பதற்கு மாறாக, கல்லுடன் செல்லும் ஆவணத்தைச் சோதிக்கும் முறை தேவைப்பட்டது.

அங்கோலா

அங்கோலாவில் 1975 முதல் நடைபெற்ற உள்நாட்டுப் போரில் சோனாசு சவிம்பி தலைமையிலான யூனிட்டா இயக்கம் அரசை எதிர்த்துப் போரிட்டது. பனிப்போர் முடிந்து வெளிநாட்டு உதவி குறைந்த பின்னர், யூனிட்டா தன் கட்டுப்பாட்டில் இருந்த வைர வயல்களையே முதன்மை வருவாயாகக் கொண்டது. குளோபல் விட்னசு என்னும் பிரித்தானிய அரசு சார்பற்ற நிறுவனம் டிசம்பர் 1998இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1992க்கும் 1998க்கும் இடையில் யூனிட்டா வைர விற்பனையால் ஏறத்தாழ 370 கோடி அமெரிக்க டாலர் ஈட்டியதாக அவ்வறிக்கை மதிப்பிட்டது.

ஜூன் 1998இல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை, அங்கோலா அரசின் சான்றிதழ் இல்லாத அங்கோலா வைரங்களை எந்த நாடும் வாங்கக் கூடாது எனத் தடை விதித்தது (தீர்மானங்கள் 1173, 1176). ஆயினும் வைரங்கள் தொடர்ந்து சந்தைக்கு வந்தன. தடைக் குழுவின் தலைவராக இருந்த கனடா நாட்டுத் தூதர் இராபர்ட் பவுலரின் முயற்சியால் வல்லுநர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அக்குழு மார்ச் 2000இல் அளித்த அறிக்கை, தடையை மீற உதவியவர்களுள் பதவியில் இருந்த ஆப்பிரிக்க நாட்டுத் தலைவர்களின் பெயர்களையும் வெளிப்படையாகக் குறிப்பிட்டது. ஐக்கிய நாடுகள் அறிக்கைகளில் இது அதுவரை வழக்கத்தில் இல்லாத ஒன்று.

சியேரா லியொன்

சியேரா லியொனில் 1991 முதல் 2002 வரை நடந்த போரில், போடே சங்கோ தலைமையிலான புரட்சிகர ஐக்கிய முன்னணி கோனோ மாவட்டத்தின் வைர வயல்களைக் கைப்பற்றியது. பொதுமக்களின் கைகால்களை வெட்டுதல், சிறுவர்களைப் படையில் சேர்த்தல் ஆகிய கொடுமைகளால் இப்போர் உலகம் முழுவதும் அறியப்பட்டது. ஜூலை 1999இல் கையெழுத்தான லோமே அமைதி உடன்பாடு, சங்கோவையே நாட்டின் கனிம வளங்களுக்கான ஆணையத்தின் தலைவராக ஆக்கியது. அவ்வமைதி ஓராண்டு கூட நீடிக்கவில்லை.

ஜனவரி 2000இல் பார்ட்னர்ஷிப் ஆப்பிரிக்கா கனடா என்னும் அமைப்பு வெளியிட்ட அறிக்கை வணிகக் கணக்குகளை ஒப்பிட்டுக் காட்டியது. 1998இல் சியேரா லியொன் அரசு பதிவு செய்த வைர ஏற்றுமதி 8,500 கேரட் மட்டுமே. அதே ஆண்டில் அந்நாட்டிலிருந்து வந்ததாகப் பெல்சியத்தின் ஆண்ட்வெர்ப் வைரச் சந்தையில் பதிவானது 770,000 கேரட். அண்டை நாடான லைபீரியாவின் உற்பத்தித் திறன் ஆண்டுக்கு 100,000 முதல் 150,000 கேரட் வரைதான். ஆனால் 1994 முதல் 1998 வரை அங்கிருந்து வந்ததாக ஆண்ட்வெர்ப்பில் பதிவானவை ஆண்டுக்குச் சராசரியாக 60 இலட்சம் கேரட்டிற்கும் மேல். ஏற்றுமதி செய்த நாட்டின் கணக்கையும் இறக்குமதி செய்த நாட்டின் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே கடத்தல் புலப்படும் என்பதை இவ்வெண்கள் உணர்த்தின. பின்னாளில் கிம்பர்லி செயல்முறையின் புள்ளிவிவரப் பிரிவு இதே முறையைப் பின்பற்றியது.

ஜூலை 2000இல் சான்றிதழ் இல்லாத சியேரா லியொன் வைரங்களுக்கும் (தீர்மானம் 1306), மார்ச் 2001இல் லைபீரியாவின் வைரங்கள் அனைத்திற்கும் (தீர்மானம் 1343) பாதுகாப்புச் சபை தடை விதித்தது. சியேரா லியொன் போரில் கிளர்ச்சியாளர்களுக்கு உதவிய குற்றத்திற்காக லைபீரியாவின் முன்னாள் குடியரசுத் தலைவர் சார்லசு டெய்லருக்கு 2012இல் சிறப்பு நீதிமன்றம் 50 ஆண்டுகள் சிறைத் தண்டனை விதித்தது.

உருவாக்கம்

1990களின் இறுதியில் உலக வைர வணிகத்தில் இத்தகைய வைரங்களின் பங்கு சுமார் 4 விழுக்காடு என்று தொழில்துறையினர் மதிப்பிட்டனர். இதைவிட அதிகம் என்று மற்றவர்கள் கூறினர். பங்கு சிறிதாயினும், எந்தக் கல் இரத்தக் கறை படிந்தது என வாங்குபவர் அறிய முடியாத நிலையில் அனைத்து வைரங்களின் மீதும் ஐயம் விழும் நிலை ஏற்பட்டது. பொட்சுவானா, நமீபியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் வைர வருவாய் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பயன்பட்டு வந்தது. நுகர்வோர் வைரத்தைப் புறக்கணித்தால் போரில் தொடர்பில்லாத இந்நாடுகளும் பாதிக்கப்படும். எனவே உற்பத்தி நாடுகளே முன்வந்து 2000இல் கிம்பர்லியில் கூட்டத்தைக் கூட்டின.

அதே ஆண்டில் வைர உற்பத்தியாளர்களும் வணிகர்களும் உலக வைர மன்றத்தை அமைத்தனர். டிசம்பர் 1, 2000 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 55/56 ஆம் தீர்மானத்தின் மூலம், பட்டை தீட்டப்படாத வைரங்களுக்குப் பன்னாட்டுச் சான்றிதழ் முறை ஒன்றை உருவாக்குமாறு கோரியது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பல நகரங்களில் பேச்சுவார்த்தை நடந்தது. நவம்பர் 5, 2002 அன்று சுவிட்சர்லாந்தின் இன்டர்லேக்கன் நகரில் கூடிய நாடுகள் திட்டத்தை ஏற்று அறிக்கை வெளியிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் டிசம்பர் 2002இலும், ஐக்கிய அமெரிக்கா ஏப்ரல் 2003இலும் இதற்கான சட்டங்களை இயற்றின. ஜனவரி 2003இல் பாதுகாப்புச் சபையும் 1459 ஆம் தீர்மானத்தால் இதை ஆதரித்தது.

மோதல் வைரங்கள்: வரையறை

திட்டத்தின் மூல ஆவணம், சட்டப்படி அமைந்த அரசுகளை வீழ்த்தும் நோக்குடைய போருக்காகக் கிளர்ச்சி இயக்கங்களோ அவற்றின் கூட்டாளிகளோ பயன்படுத்தும் பட்டை தீட்டப்படாத வைரங்களையே மோதல் வைரங்கள் என்று வரையறுக்கிறது. ஊடகங்களில் இவை இரத்த வைரங்கள் என்றும் குறிப்பிடப்படுகின்றன. ஆனால் இவ்விரு சொற்களும் முற்றிலும் ஒரே பொருள் உடையவை அல்ல. அரசுப் படையினரோ சுரங்க நிறுவனத்தின் காவலர்களோ செய்யும் வன்முறை, கட்டாய உழைப்பு, குழந்தைத் தொழில், சுற்றுச்சூழல் கேடு ஆகியவை இவ்வரையறைக்குள் வருவதில்லை.

செயற்படும் விதம்

சான்றிதழ்

உறுப்பு நாட்டிலிருந்து ஏற்றுமதியாகும் ஒவ்வொரு வைரப் பொதியும் பின்வரும் நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும்.

* வைரங்கள் திறந்தால் தெரிந்துவிடும் வகையில் முத்திரையிட்ட பெட்டியில் அனுப்பப்பட வேண்டும்.
* போலியாக அச்சிட முடியாத பாதுகாப்புக் கூறுகள் உடைய அரசுச் சான்றிதழ் உடன் செல்ல வேண்டும்.
* சான்றிதழில் தனி எண், வழங்கிய நாள், காலாவதி நாள், வழங்கிய அதிகாரம், ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், பொதிகளின் எண்ணிக்கை, கேரட் எடை, அமெரிக்க டாலரில் மதிப்பு ஆகியவை இடம்பெற வேண்டும்.
* பொதியில் உள்ள வைரங்கள் ஒரே நாட்டில் தோண்டப்பட்டவை எனின் அந்நாட்டின் பெயர் குறிக்கப்பட வேண்டும்.

இறக்குமதி செய்யும் நாட்டின் அதிகாரிகள் முத்திரையையும் சான்றிதழையும் சரிபார்த்த பின்னர், பொதி வந்து சேர்ந்ததை அனுப்பிய நாட்டிற்கு உறுதிப்படுத்துகின்றனர். சான்றிதழ்கள் குறைந்தது மூன்று ஆண்டுகள் பாதுகாக்கப்பட வேண்டும். வைரத்தின் எடை கேரட்டில் அளக்கப்படுகிறது. ஒரு கேரட் என்பது 0.2 கிராம்.

சான்றிதழ் ஒவ்வொரு கல்லுக்கும் வழங்கப்படுவது அன்று. பொதிக்கு மட்டுமே வழங்கப்படுகிறது. வணிக மையங்களில் பல நாட்டு வைரங்கள் பிரித்துக் கலக்கப்பட்டு மீண்டும் ஏற்றுமதியாகும்போது, பிறப்பிடம் கலப்பு என்று மட்டும் குறிக்கப்படுகிறது. வைரம் பட்டை தீட்டப்பட்டவுடன் அது இத்திட்டத்தின் எல்லைக்கு வெளியே சென்றுவிடுகிறது. அதன் பின்னர், ஒவ்வொரு விற்பனைச் சீட்டிலும் வணிகர்கள் எழுதித் தரும் உறுதிமொழியை அடிப்படையாகக் கொண்ட முறையை உலக வைர மன்றம் நடத்துகிறது. இது தொழில்துறை தானே ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடு ஆகும்.

உள்நாட்டுக் கட்டுப்பாடுகள்

சுரங்கத்திலிருந்து ஏற்றுமதி நிலையம் வரை வைரம் செல்லும் வழியை உறுப்பு நாடு கண்காணிக்க வேண்டும். தோண்டுபவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் உரிமம் அளித்தல், விற்பனையைப் பதிவு செய்தல், மீறுவோருக்குத் தண்டனை வழங்கல் ஆகியவை இதில் அடங்கும். நிறுவனச் சுரங்கங்களில் இது எளிது. ஆயிரக்கணக்கானோர் கையால் தோண்டும் ஆற்றுப் படிவுகளில், முதல் விற்பனை நடக்கும் இடத்தையே அரசு அறியாத நிலை பல நாடுகளில் உள்ளது. இக்குறையைக் களைய 2005இல் மாசுக்கோ அறிக்கையும் 2012இல் வாசிங்டன் அறிக்கையும் ஏற்கப்பட்டன.

புள்ளிவிவரம்

உறுப்பு நாடுகள் தங்கள் வைர வணிகக் கணக்கைக் காலாண்டுக்கு ஒருமுறையும் உற்பத்திக் கணக்கை அரையாண்டுக்கு ஒருமுறையும் அளிக்க வேண்டும். ஒரு நாட்டின் ஏற்றுமதி அதன் உற்பத்தியை மிஞ்சினாலோ, அனுப்பிய எடையும் பெற்ற எடையும் பொருந்தாவிட்டாலோ விளக்கம் கோரப்படுகிறது. ஆண்டுத் தொகுப்புகள் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்படுகின்றன. இதற்கு முன்னர் வைர வணிகம் பெரிதும் மறைவாகவே நடந்து வந்தது.

ஆய்வுப் பயணங்கள்

ஒரு நாட்டின் அழைப்பின் பேரில், பிற நாட்டு அதிகாரிகள், தொழில்துறையினர், குடிமக்கள் அமைப்பினர் அடங்கிய குழு அந்நாட்டிற்குச் சென்று சுரங்கங்களையும் சுங்க அலுவலகங்களையும் பார்வையிட்டு அறிக்கை அளிக்கிறது. விதிகள் கடுமையாக மீறப்பட்டதற்கான அறிகுறிகள் இருப்பின் தனி ஆய்வுக் குழு அனுப்பப்படலாம். இதற்கும் அந்நாட்டின் இசைவு தேவை.

உலக வணிக அமைப்பும் விலக்கும்

திட்டத்தில் சேராத நாடுகளுடன் வைர வணிகத்தைத் தடை செய்வது, உலக வணிக அமைப்பின் அடிப்படை விதிகளுடன் முரண்படக் கூடும். வணிகம் மற்றும் சுங்கத் தீர்வை குறித்த பொது உடன்பாடான காட், உறுப்பு நாடுகளுக்கு இடையே பாகுபாடு காட்டுவதையும் (பிரிவு 1), இறக்குமதி ஏற்றுமதி அளவுகளைக் கட்டுப்படுத்துவதையும் (பிரிவுகள் 11, 13) தடுக்கிறது. கனடா, சப்பான், சியேரா லியொன் ஆகிய நாடுகளின் கோரிக்கையை ஏற்று, மே 15, 2003 அன்று உலக வணிக அமைப்பின் பொதுக்குழு இவ்விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. இவ்விலக்கு அவ்வாண்டின் ஜனவரி முதல் நாளிலிருந்தே செல்லும் என முடிவு செய்யப்பட்டது. 2006, 2012, 2018 ஆகிய ஆண்டுகளில் இது நீட்டிக்கப்பட்டது.

விலக்குக் கேட்டதே தேவையற்றது என்ற கருத்தும் உண்டு. மனித உயிரைக் காப்பதற்கும் பாதுகாப்பிற்கும் எடுக்கும் நடவடிக்கைகளைக் காட்டின் 20, 21 ஆம் பிரிவுகள் முன்பே அனுமதிக்கின்றன என்பது இவ்வாதம். ஆயினும் வழக்கிற்கு இடமில்லாத உறுதியைப் பல நாடுகள் விரும்பின. மனித உரிமை சார்ந்த நோக்கத்திற்காக வணிக விதிகள் தளர்த்தப்பட்டதற்கு இவ்விலக்கு ஓர் எடுத்துக்காட்டாகச் சட்ட வல்லுநர்களால் சுட்டப்படுகிறது.

அமைப்பு

தலைமைப் பொறுப்பை உறுப்பு நாடுகள் முறை வைத்து ஏற்கின்றன. முதல் தலைமையைத் தென்னாப்பிரிக்கா 2003இல் ஏற்றது. கண்காணிப்பு, புள்ளிவிவரம், வைர வல்லுநர்கள், கைத்தொழில் மற்றும் ஆற்றுப் படிவு உற்பத்தி ஆகியவற்றுக்குத் தனித்தனிச் செயற்குழுக்கள் உள்ளன. ஆண்டு இறுதியில் நிறைகூட்டம் நடைபெறும். நெடுங்காலம் இதற்கு நிலையான அலுவலகம் கிடையாது. பொட்சுவானாவின் தலைநகர் கேபரோனில் நிலையான செயலகம் அமைக்க 2022இல் முடிவாகி, 2024இல் அது திறக்கப்பட்டது.

உலக வைர மன்றமும் குடிமக்கள் அமைப்புகளின் கூட்டணியும் பார்வையாளர்களாகப் பங்கேற்கின்றன. அவை செயற்குழுக்களில் பணியாற்றலாம், ஆனால் முடிவெடுக்கும் உரிமை அரசுகளுக்கே உண்டு. முடிவுகள் வாக்கெடுப்பால் அன்றி ஒருமித்த இசைவால் எடுக்கப்படுகின்றன. ஒரேயொரு உறுப்பு நாடு மறுத்தாலும் தீர்மானம் நிறைவேறாது.

முக்கிய நடவடிக்கைகள்

* கொங்கோ குடியரசு: தலைநகர் பிராசவில்லைக் கொண்ட இந்நாட்டின் ஏற்றுமதி, அதன் உற்பத்தியைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. ஆய்வுக் குழு கேட்ட விளக்கத்தை அந்நாட்டால் அளிக்க இயலவில்லை. ஜூலை 2004இல் அது திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. கட்டுப்பாடுகளைச் சீர்செய்த பின்னர் 2007இல் மீண்டும் சேர்க்கப்பட்டது.
* லைபீரியா: போர் முடிந்து புதிய அரசு அமைந்த பின்னர், ஏப்ரல் 2007இல் பாதுகாப்புச் சபை தடையை நீக்கியது. அதைத் தொடர்ந்து லைபீரியா திட்டத்தில் சேர்ந்தது.
* கோட் டிவார்: நாட்டின் வடபகுதி கிளர்ச்சியாளர்கள் வசம் இருந்தமையால் டிசம்பர் 2005இல் பாதுகாப்புச் சபை அந்நாட்டு வைரங்களுக்குத் தடை விதித்தது. ஏப்ரல் 2014இல் தடை நீக்கப்பட்டது.
* வெனிசுவேலா: 2008இல் தானாகவே வைர வணிகத்தை நிறுத்தி வைத்துக்கொண்டது. 2016இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.
* மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு: மார்ச் 2013இல் செலேக்கா கிளர்ச்சிக் கூட்டணி ஆட்சியைக் கைப்பற்றியது. மே 2013இல் அந்நாடு இடைநீக்கம் செய்யப்பட்டது. அதன் பின்னர் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகளில் 140,000 கேரட் வைரங்கள் கடத்தப்பட்டதாக ஐக்கிய நாடுகள் வல்லுநர் குழு 2014இல் மதிப்பிட்டது. 2015இல் அமைதியான சில பகுதிகளிலிருந்து மட்டும் ஏற்றுமதி அனுமதிக்கப்பட்டது. நவம்பர் 2024இல் இடைநீக்கம் முழுமையாக விலக்கப்பட்டது.

மராங்கே சிக்கல்

2006இல் சிம்பாப்வேயின் கிழக்கில் உள்ள மராங்கே பகுதியில் பெரும் வைரப் படிவுகள் வெளிப்பட்டன. வறுமையில் இருந்த ஆயிரக்கணக்கான மக்கள் அங்குக் குவிந்து தோண்டத் தொடங்கினர். 2008இன் இறுதியில் அவர்களை வெளியேற்ற அரசு படையை அனுப்பியது. இந்நடவடிக்கையில் 200க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக இயூமன் ரைட்சு வாட்ச் அமைப்பு ஜூன் 2009இல் தெரிவித்தது. அரசு இதை மறுத்தது.

இது கிம்பர்லி செயல்முறைக்குப் பெரும் சோதனையாக அமைந்தது. வன்முறையில் ஈடுபட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டது கிளர்ச்சி இயக்கம் அன்று, அரசின் படையே. எனவே வரையறையின்படி மராங்கே வைரங்கள் மோதல் வைரங்கள் அல்ல. நவம்பர் 2009இல் நமீபியாவில் கூடிய நிறைகூட்டம், சிம்பாப்வேயை இடைநீக்கம் செய்யாமல், மராங்கே ஏற்றுமதியை மட்டும் மேற்பார்வைக்கு உட்படுத்தும் செயல்திட்டம் ஒன்றை ஏற்றது. மராங்கே நிகழ்வுகளைப் பதிவு செய்து வந்த சிம்பாப்வே மனித உரிமைச் செயற்பாட்டாளர் பராய் மகுவு, கிம்பர்லி செயல்முறையின் கண்காணிப்பாளரைச் சந்தித்த சில நாட்களில், ஜூன் 2010இல் கைது செய்யப்பட்டார். ஒரு மாதத்திற்கு மேல் சிறையில் இருந்த அவர் மீதான வழக்கு பின்னர் கைவிடப்பட்டது.

நவம்பர் 2011இல் கின்சாசா நிறைகூட்டம் மராங்கே ஏற்றுமதிக்கு இசைவு அளித்தது. அடுத்த மாதமே குளோபல் விட்னசு கிம்பர்லி செயல்முறையிலிருந்து விலகியது. இச்சிக்கலை முதன்முதலில் உலகின் பார்வைக்குக் கொண்டுவந்த அமைப்புகளுள் ஒன்று அது. பார்ட்னர்ஷிப் ஆப்பிரிக்கா கனடாவும், இம்பாக்ட் எனப் பெயர் மாற்றிக்கொண்ட பின்னர், 2017இல் விலகியது.

ரஷ்ய வைரங்கள்

எடையின் அடிப்படையில் உலகில் மிகுதியாக வைரம் எடுக்கும் நாடு ரஷ்யா ஆகும். அங்குள்ள அல்ரோசா நிறுவனத்தில் ரஷ்ய நடுவண் அரசு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை உடைமையாகக் கொண்டுள்ளது. பிப்ரவரி 2022இல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பின்னர், ரஷ்ய வைரங்களின் வருவாய் போருக்குப் பயன்படுகிறதா என்பதை விவாதிக்க வேண்டுமென உக்ரைனும் மேற்கத்திய நாடுகளும் கோரின. அரசுகளின் போர் வரையறைக்குள் வராது என்று ரஷ்யாவும் வேறு சில நாடுகளும் மறுத்தன. ஒருமித்த இசைவு கிட்டவில்லை.

இதனால் ஜி7 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் கிம்பர்லி செயல்முறைக்கு வெளியே தனித் தடைகளை விதித்தன. ரஷ்யாவிலிருந்து நேரடியாக வரும் வைரங்களுக்கு ஜனவரி 1, 2024 முதலும், பிற நாடுகளில் பட்டை தீட்டப்பட்டு வரும் ரஷ்ய வைரங்களுக்கு மார்ச் 1, 2024 முதல் படிப்படியாகவும் இத்தடை நடைமுறைக்கு வந்தது. பிறப்பிடம் கலப்பு எனக் குறிக்கும் கிம்பர்லி சான்றிதழ் இத்தடைக்குப் போதாது. எனவே ஒவ்வொரு வைரத்தின் பிறப்பிடத்தையும் தொடர்ந்து அறியும் தனி முறை தேவைப்பட்டது. இச்சுமை சிறு உற்பத்தியாளர்கள் மீதே விழும் என்று ஆப்பிரிக்க நாடுகள் சில எதிர்ப்புத் தெரிவித்தன.

மதிப்பீடும் விமர்சனங்களும்

ஆதரிப்போர் முதன்மையாகச் சுட்டுவது சியேரா லியொனின் கணக்கை ஆகும். 1999இல் அந்நாட்டின் பதிவு பெற்ற வைர ஏற்றுமதி 20 இலட்சம் அமெரிக்க டாலருக்கும் குறைவு. 2004இல் அது 12 கோடி டாலரைத் தாண்டியது. முன்னர்க் கடத்தப்பட்ட வைரங்கள் அரசின் பதிவேட்டிற்கு வந்ததால் வரி வருவாயும் கூடியது. போர் முடிந்ததும் இவ்வுயர்வுக்கு ஒரு காரணம். அங்கோலா, சியேரா லியொன் போர்கள் இரண்டும் 2002இல், அதாவது சான்றிதழ்த் திட்டம் நடைமுறைக்கு வரும் முன்னரே முடிந்துவிட்டன. எனவே அப்போர்களை முடித்தது கிம்பர்லி செயல்முறையே எனக் கூற இயலாது. ஆயினும் அதற்கு வழிவகுத்த தடைகளும் உலகின் கவனமும் கிளர்ச்சியாளர்களின் வருவாயைக் குறைத்தன எனக் கருதப்படுகிறது.

விமர்சனங்கள் வருமாறு:

* வரையறை குறுகியது. இதை விரிவாக்க ஐக்கிய அமெரிக்கா தலைமை ஏற்ற 2012இலும், புதுதில்லியில் நிறைகூட்டம் நடந்த 2019இலும் முயற்சிகள் நடந்தன. இரு முறையும் உடன்பாடு ஏற்படவில்லை.
* ஒருமித்த இசைவு விதியால், குற்றம் சாட்டப்பட்ட நாடே தன் மீதான முடிவைத் தடுக்க இயலும்.
* அரசே சான்றிதழ் வழங்குபவராகவும் சில நாடுகளில் சுரங்க உரிமையாளராகவும் உள்ளது. தன்னிச்சையான தணிக்கை இல்லை.
* இடைநீக்கம் கடத்தலை அண்டை நாடுகளுக்குத் திருப்புகிறது. கோட் டிவார் வைரங்கள் கானா வழியாகச் செல்வதாக 2006இல் எழுந்த குற்றச்சாட்டும், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பட்டறிவும் இதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன.
* சான்றிதழ் பெற்ற வைரம் எவ்விதத் தீங்கும் இன்றி எடுக்கப்பட்டது என்று நுகர்வோர் பிழையாகப் புரிந்துகொள்ள இடமுண்டு. சான்றிதழ் உறுதி செய்வது கிளர்ச்சியாளர்களின் வைரம் அன்று என்பதை மட்டுமே.

வரையறையை விரிவாக்குவதை எதிர்க்கும் நாடுகளும் தம் காரணங்களை முன்வைக்கின்றன. மனித உரிமை என்னும் பெயரில் வலிமை மிக்க நாடுகள் வணிகத் தடையை அரசியல் ஆயுதமாகப் பயன்படுத்தக் கூடும் என்பது அவற்றின் அச்சம். கட்டுப்பாடுகள் கடுமையாகும்போது முதலில் வாழ்விழப்போர் கையால் தோண்டும் ஏழைத் தொழிலாளர்களே என்றும் அவை வாதிடுகின்றன.

இந்தியாவும் இலங்கையும்

உலகில் பட்டை தீட்டப்படும் வைரங்களில், எண்ணிக்கையின் அடிப்படையில், ஏறத்தாழப் பத்தில் ஒன்பது இந்தியாவில் பட்டை தீட்டப்படுகின்றன. குசராத் மாநிலத்தின் சூரத் நகரம் இத்தொழிலின் மையம் ஆகும். இந்தியாவின் சொந்த உற்பத்தி மிகக் குறைவு. மத்தியப் பிரதேசத்தின் பன்னா பகுதியிலிருந்தே அது பெரிதும் கிடைக்கிறது. எனவே இந்தியத் தொழில் இறக்குமதியையே நம்பியுள்ளது. ஏதேனும் ஒரு நாட்டின் வைரங்களுக்குத் தடை வந்தால் அதன் விளைவு சூரத்தின் பட்டறைகளை விரைவில் எட்டுகிறது.

இந்தியா தொடக்கம் முதலே உறுப்பு நாடு. 2008இலும் 2019இலும் தலைமைப் பொறுப்பு வகித்தது. நடுவண் அரசின் வணிகத் துறை இதற்குப் பொறுப்பானது. மும்பையில் உள்ள மணிக்கற்கள் மற்றும் நகை ஏற்றுமதி மேம்பாட்டு மன்றம் சான்றிதழ்களை வழங்கிச் சரிபார்க்கிறது. வைரம் தோண்டப்படாத நாடாயினும், மணிக்கல் வணிகத்திற்குப் பெயர் பெற்ற இலங்கையும் உறுப்பு நாடாக உள்ளது.

இவற்றையும் பார்க்க

* வைரம்
* உலக வணிக அமைப்பு
* சியேரா லியொன் உள்நாட்டுப் போர்
* ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை
* சூரத்து